பார்ட் இன்னும் வரலையா?

"என்னய்யா, ஜெர்மனியிலேர்ந்து பார்ட் வந்துச்சா?"

பிரெண்டன் காரில் ஏறி உட்காருவதற்குள் நெவில் ஆரம்பித்துவிட்டார்.

"இன்னும் வரலை நெவில். கப்பல்ல வருதாம்."

"கப்பல்ல வருதா, நீந்தி வருதா?"

பிரெண்டன் சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டான். நெவிலின் பழைய ஜப்பான் கார் கிளம்பியது. ஆஸ்திரேலியாவில், ஜீலாங் ஊரில் அந்தத் தெருவுக்கே தெரிந்த கதைதான். ஐரோப்பிய கார் என்றால் உயிரை விடுகிற பிரெண்டனின் ஜெர்மன் காரில் கோடைக்காலத்தில் கியர்பாக்ஸ் போனது. இப்போது குளிரே வந்துவிட்டது. வண்டி இன்னும் மெக்கானிக்கிடம்தான். அவன் பக்கத்து வீட்டுக்காரர் காரில் ஓசியில் ஆபீஸ் போய்க்கொண்டிருந்தான்.

"தெரியாமத்தான் கேக்கறேன், அந்த வண்டியில அப்படி என்னதான் இருக்கு?"

"கதவைச் சாத்தினா ஒரு சத்தம் வரும் பாருங்க. அதுக்கே காசு குடுக்கலாம்."

"கதவு சாத்துறது சரி. ஓடணுமே?"

"ஓடும்போது ஓட்டிப் பாருங்க. கிரேட் ஓஷன் ரோடு வளைவுல ரோட்டை ஒட்டிக்கிட்டுப் போகும். ஜப்பான் வண்டி ஓட்டறது தினம் மூணு வேளையும் வெறும் டோஸ்ட் சாப்பிடற மாதிரி நெவில். வயிறு ரொம்பும். அவ்வளவுதான்."

"டோஸ்ட் சாப்பிட்டவன்தான்யா இங்க வண்டி ஓட்டறான். விருந்து சாப்பிட்டவன் பக்கத்து சீட்ல உக்காந்திருக்கான்."

நெவில் விடுவதாக இல்லை.

"அது குளிர் ஊர்ல செஞ்ச வண்டிய்யா. நம்ம ஜனவரி வெயில்ல பிளாஸ்டிக்கெல்லாம் பிஸ்கட் மாதிரி நொறுங்கும். ஒரு போல்ட் வேணும்னாலும் பாதி உலகத்தைச் சுத்தி வரணும். என் வண்டி இருபது வருஷத்துல ஒரு நாள் நின்னதில்ல."

பிரெண்டன் பல்லைக் கடித்துக்கொண்டான். தன் காரை யாராவது குறை சொன்னால் பார்பெக்யூ விருந்து என்றும் பார்க்காமல் சண்டைக்குப் போகிறவன். ஐரோப்பிய கார் கிளப்பில் துணைத் தலைவர் வேறு. என்ன செய்வது, ஓசி வண்டியில் போகிறவனுக்கு ரோஷம் கூடாது.

நெவிலுக்கோ அல்வா சாப்பிடுகிற மாதிரி இருந்தது. போன வருஷம் மனைவி பெரில் இறந்த பிறகு அவர் ஜன்னல் திரையைக்கூட விலக்கியதில்லை. மத்தியானம் வரை படுக்கை, மிச்ச நேரம் டிவி. பெர்த்திலிருந்து மகள் நரெல் போனில் கறாராகச் சொல்லிவிட்டாள்.

"அப்பா, இப்படியே அடைஞ்சு கிடந்தீங்கன்னா வீட்டை வித்துட்டு உங்களை இங்க முதியோர் இல்லத்துல சேர்த்துடுவேன்."

பெரிலோடு வாழ்ந்த வீடு. அதை விட்டுப் போக அவருக்கு மனசே வரவில்லை. ஆனால் எழுந்திருக்கத்தான் முடியவில்லை.

அப்போதுதான் பிரெண்டன் வந்து கதவைத் தட்டினான். வண்டி படுத்துவிட்டது, காலையில் கொஞ்சம் இறக்கிவிட முடியுமா என்று கேட்டான்.

இறக்கிவிடப் போனவர், ஆபீஸுக்கு எதிரே வயசான ஆண்கள் கூடி மரவேலை செய்கிற கொட்டகையைப் பார்த்தார். சும்மா எட்டிப் பார்த்தார். இப்போது தினமும் அங்கே நாலு பேரோடு வாயடித்துக்கொண்டு கிளிகளுக்கு மரக்கூடு செய்கிறார்.

"முதியோர் இல்லமா? நான் போயிட்டா இந்தப் பைத்தியக்காரன் எப்படிம்மா வேலைக்குப் போவான்?" என்று மகளிடமே கேட்டார்.

இருந்தாலும் பிரெண்டன் முகத்தைப் பார்த்தால் பாவமாக இருந்தது. அந்த மெக்கானிக் லாகிஸை நாலு கேள்வி கேட்டால்தான் சரிப்படும் என்று, சனிக்கிழமை நேரே அவன் பட்டறைக்குப் போனார்.

ஜெர்மன் கார் வாசலிலேயே பளபளவென்று நின்றது.

"ஏய்யா, இந்த வண்டிக்கு ஒரு பார்ட் வர எத்தனை மாசம்? வாங்கினவன்தான் ஏமாந்தவன், ரிப்பேர் பண்றவனுக்காவது மனசாட்சி வேண்டாமா?"

"எந்த பார்ட்?" என்றான் லாகிஸ். "இது கோடையிலேயே ரெடியாயிடுச்சு. அவன்தான் எடுத்துட்டுப் போக மாட்டேங்கறான். சனிக்கிழமை சாயங்காலம் வருவான், துடைப்பான், இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓட விட்டுக் கேப்பான், போயிடுவான். போன மாசம் கிளப் பயணத்துக்குக்கூட எடுக்கலை."

"ஏனாம்?"

"பக்கத்து வீட்ல ஒரு பெரியவராம். சம்சாரம் போனதுலேர்ந்து வெளியிலயே வராம இருந்தாராம். இந்த வண்டி ஓட ஆரம்பிச்சா அவர் மறுபடியும் படுத்துடுவாரேன்னு பயப்படறான். ஆமா, நீங்க யாரு?"

"நானா... ஜெர்மன் கார் ஒண்ணு வாங்கலாமான்னு விசாரிக்க வந்தேன்."

வீடு வரைக்கும் எப்படி ஓட்டி வந்தார் என்று அவருக்கே தெரியாது. அத்தனை கிண்டலையும் உண்மையைச் சொல்லாமல் கேட்டுக்கொண்டானே என்று வெட்கமாக இருந்தது. பெரில் போன பிறகு முதல் தடவையாக, சந்தோஷத்தில் கண் கலங்கியது.

திங்கட்கிழமை காலையில் நெவிலின் வழக்கமான ஹாரன் சத்தம் கேட்கவில்லை. பிரெண்டன் பதறிப்போய் ஓடி வந்தான்.

நெவில் வாசலில் கார் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்.

"என்ன நெவில், உடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கென்ன. வண்டிதான் படுத்துருச்சு."

"இதுவா? இருபது வருஷமா ஒரு நாள்கூட..."

"ஜப்பான்காரனை நம்பினேன் பாரு, என்னைச் சொல்லணும். பார்ட் அங்கிருந்து கப்பல்ல வரணுமாம், மாசக்கணக்காகுமாம். இன்னிக்கு ரெண்டு பேரும் பஸ்ல போவோம். நாளையிலேர்ந்து நீதான்யா என்னைக் கொட்டகையில இறக்கிவிடணும், உன் ஜெர்மன்காரனை எப்படியாவது எழுப்பிக் கொண்டு வா" என்றார் நெவில், பிடுங்கிய வயரை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு.