இருபத்தைந்து கதவுகள்

ஏட்டு மாதையன் ஓய்வுபெற இன்னும் பதினெட்டு நாள் இருந்தது. பாகலூர் ரோட்டில் கெமிஸ்ட் கிருபாகரனிடம் அவர் பிடித்த போதை ஸ்டாம்பை அன்று நீதிபதி முன்னால் பிரித்தார்கள். எல்.எஸ்.டி. குடும்பத்து ரசாயனம் ஊறிய தாள் அது. நகமளவில் இருபத்தைந்து கட்டங்கள், கட்டத்துக்கு ஒரு மூடிய கதவு என்று படம் அச்சாகியிருந்தது. பறிமுதல் செய்த அன்று எழுதிய மகஜரில் மாதையன் அப்படித்தான் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

உறையின் அரக்கு முத்திரை உடையவில்லை. ஆனால் மூன்றாம் வரிசையில் ஒரு கதவு திறந்திருந்தது.

"என்னங்க ஏட்டய்யா, ஒண்ண நாக்குல வச்சுப் பாத்துட்டு வேற ஒட்டிட்டீங்களா?" என்றார் கிருபாகரனின் வக்கீல். கோர்ட்டே கொல்லென்று சிரித்தது.

மாதையன் நீதிபதியைப் பார்த்துக் கும்பிட்டார். சாட்சிப்பொருளை மாற்றினார் என்று பதிவானால் கேஸும் போகும், பென்ஷனும் போகும்.

"இல்லீங்கய்யா, அத்தனையும் மூடித்தான் இருந்துச்சு. இன்னொருக்கா பாருங்கய்யா!"

நீதிபதி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். இருபத்தைந்தும் மூடியிருந்தன. நிமிர்ந்தபோது குற்றவாளிக் கூண்டில் கிருபாகரன் இல்லை. காவலுக்கு வந்த இரண்டு போலீஸ்காரர்களும் கூண்டின் வாசலை அடைத்துக்கொண்டுதான் நின்றிருந்தார்கள்.

ஆளைத் தேடி எல்லோரும் வெளியே ஓடினார்கள். மேசையில் கிடந்த தாளை எடுத்துப் பிடித்தபடி நின்ற மாதையனுக்கு, மூன்றாம் வரிசையிலிருந்து யாரோ கதவைத் தட்டுவது கேட்டது.

"எல்லாம் சரியா இருக்குதுங்களா ஏட்டய்யா?" என்றார் திரும்பி வந்த பெஞ்ச் கிளார்க்.

"மகஜர்ல எழுதுனபடியே இருக்குதுங்க" என்ற மாதையன், தாளை உறையில் போட்டு மடித்து, அரக்கை உருக்கிக் கொஞ்சம் தாராளமாகவே ஊற்றினார்.