மணலில் போட்ட தூண்டில்

இனயம் கடற்கரையில் வெயில் சாய்கிறது. அக்காள் புருஷன் ஆன்ஸ்லினின் தூண்டில் கம்பை வாங்கி, உடம்பை வளைத்து வீசுகிறான் சிஜின். தூண்டில் நரம்பு விர்ரென்று ஓடுகிறது. ஈயக்கட்டி மூன்றாம் அலைக்கும் அப்பால் போய் விழுகிறது. “பாத்தியளா அத்தான்!” சந்தோஷத்தில் கம்பை மணலில் போட்டுவிட்டுப் போனை எடுக்கிறான். ஆன்ஸ்லின் பாய்ந்து வந்து கம்பைத் தூக்குகிறான். நரம்பு சுற்றும் ரீலின் கைப்பிடியைத் திருப்பினால், உள்ளே மணல் கறகறவென்று அரைபடுகிறது. “ஏலே, சோறு திங்கிற தட்டயும் இப்பிடித்தான் மண்ணுல எறிவியா?” “கழுவுனா போச்சு அத்தான்.” ஆன்ஸ்லின் அவனை அடிக்கக் கம்பையே ஓங்குகிறான். அதன் மெல்லிய நுனி வெயிலில் நடுங்குகிறது. மெதுவாக இறக்குகிறான். சட்டை நுனியால் ரீலைத் துடைத்து, கம்பைக் கல்லிடுக்கில் நிமிர்த்தி வைக்கிறான். விழுமோ என்று இருமுறை அசைத்துப் பார்க்கிறான். பிறகு வெறுங்கையை ஓங்கிக்கொண்டு சிஜினிடம் திரும்பி வருகிறான்.