தவணைக்கு வந்த விருந்தாளிகள்

“பணம் இல்லையா? பரவாயில்ல. நாங்க உக்காந்துக்கறோம்,” என்றாள் கடன் குழுத் தலைவி, ஏற்கெனவே உட்கார்ந்துவிட்டு.

தையல்காரி தலையைக் குனிந்துகொண்டாள். பார்ப்பவர்களுக்கு அது அவமானம். குனியாவிட்டால் சிரித்துவிடுவாள் என்பது அவளுக்குத்தான் தெரியும்.

பணம் காலையிலிருந்தே தயார். மெஷின் டிராயரில், நூல்கண்டுகளுக்கு அடியில், கசங்காமல் படுத்திருந்தது.

குழுவின் சட்டம் ரொம்ப எளிமையானது. நாலு பெண்கள் சேர்ந்து கடன் வாங்க வேண்டும். வாரத் தவணையைத் தலைவியிடம் கொடுக்க வேண்டும். ஒருத்தி கொடுக்கவில்லையென்றால் மற்ற மூவரும் அவள் வீட்டில் போய் உட்கார வேண்டும். பணம் வரும்வரை எழுந்திருக்கக் கூடாது.

கம்பெனி இதற்குக் கூட்டுப் பொறுப்பு என்று பெயர் வைத்து, பயிற்சி வகுப்பில் படமெல்லாம் போட்டு விளக்கியது.

தையல்காரிக்குப் புரிந்தது ஒன்றுதான். கட்டாவிட்டால் வீட்டுக்கு ஆள் வரும்.

கடனைக் குறை சொல்ல முடியாது. மோட்டார் மெஷின் வந்தது. பள்ளிக்கூட யூனிஃபார்ம் ஆர்டர் வந்தது. வாடகை பாக்கி தீர்ந்தது. அவளும் வறுமையை விட்டு வெளியே வந்தாள். வந்து பார்த்தால் அங்கே யாரும் இல்லை.

புருஷன் போய்ச் சேர்ந்து வெகுகாலம். மகள் ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் “சாப்டியாம்மா?” என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் “சரி வைக்கிறேன்” என்பாள்.

ஆகவே தவணை தாமதமானது. ஒரு தரம். பிறகு இன்னொரு தரம்.

இரண்டுக்கும் தவணை அட்டையில் சிவப்புக் கோடு விழுந்தது. மூன்றாவது கோடு விழுந்தால் குழுவிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். அப்புறம் இந்த வீட்டுக்குத் தவணை கேட்டுக்கூட ஆள் வராது.

அதனால் இன்றைக்குத் திட்டம் பக்காவாக இருந்தது. சாயங்காலம் கம்பெனி வசூல்காரர் பைக் தெருமுனையில் திரும்பும் சத்தம் கேட்கும்வரை இழுப்பது. கேட்டதும் கொடுத்துவிடுவது.

குழுவில் முட்டை விற்கிறவள் கேட்காமலே அடுப்படிக்குள் நுழைந்து டீ போட்டாள். “ஒத்த ஆளுக்கு எதுக்குடி இத்தனாம் பெரிய பாத்திரம்?” என்று திட்டிக்கொண்டே நாலு பேருக்கும் அதிலேயே போட்டாள்.

பார்லர்காரி தையல்காரியின் மோவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். “அக்கா, இது புருவமா, புதரா? இருங்க, எடுத்து விடறேன். நூல் எங்க, டிராயர்லயா?”

“டிராயர்ல இல்ல!” தையல்காரி போட்ட சத்தத்தில் அடுப்படியில் ஒரு டம்ளர் உருண்டது. மெஷின் மேலிருந்த கண்டைப் பாய்ந்து எடுத்துக் கொடுத்தாள்.

நூல் இழுக்க இழுக்கக் கண்ணில் தண்ணீர் கொட்டியது.

“பாவம், பணம் பொரட்ட முடியலன்னு எப்படி அழறா பாரு,” என்றாள் முட்டைக்காரி, டீயை ஆற்றிக்கொண்டே.

தன் முகத்தை இன்னொரு கை தொட்டு எவ்வளவு காலம் ஆகிறது என்று தையல்காரி யோசித்துப் பார்த்தாள். பார்லர்காரி “அசையாதீங்க” என்றாள். அசையாமலே யோசித்தாள். விடை வரவில்லை.

ஃபோன்கள் அலறிக்கொண்டே இருந்தன. முட்டைக்காரியை மாமியார் கூப்பிட்டாள், கொழுந்தன் கூப்பிட்டான், மறுபடி மாமியார் கூப்பிட்டாள். பார்லர்காரியின் பையன் ட்யூஷன் வாசலில் நின்றபடி நிமிஷத்துக்கு ஒரு தரம் அழுதான். தலைவியின் ஃபோன் மட்டும் மடியில் சும்மா கிடந்தது. அவள் வாய்க்குப் பயந்து யாரும் கூப்பிடுவதில்லை என்பது குழுவின் அபிப்பிராயம்.

ஒரு புருவம் முடிந்திருந்தது. தெருமுனையில் பைக் சத்தம்.

தையல்காரி துள்ளி எழுந்து டிராயரை இழுத்து, நூல்கண்டுகள் நாலா பக்கமும் ஓட, பணத்தைத் தலைவி கையில் திணித்தாள்.

பைக் நிற்காமல் போய்விட்டது. வேறு யாரோ.

“அடிப்பாவி! இவ்வளவு நேரம் எங்கடி இருந்துச்சு இது?” என்றாள் முட்டைக்காரி.

“மறந்தே போயிட்டேன்க்கா.”

முட்டைக்காரி அதை நம்பினாளா என்று தெரிந்துகொள்ள வழியில்லை. அதற்குள் செருப்பு மாட்டிவிட்டாள். பார்லர்காரி “மீதிப் புருவம் அடுத்த வாரம்” என்று படியிலிருந்து கத்தினாள். இரண்டு பேர் குரலும் ஒன்றாகச் சிரித்துக்கொண்டே கீழே இறங்கித் தேய்ந்தது.

அறை பழையபடி பெரிதாகிவிட்டது.

தலைவி பணத்தை எண்ணாமல் ரவிக்கைக்குள் வைத்தாள். எழுந்திருக்கவில்லை. டம்ளரில் இல்லாத டீயை ஒரு வாய் குடித்தாள்.

“வசூல்காரர் இன்னும் வரலையேக்கா,” என்றாள் தையல்காரி. “கோடு போட்டுடுவாரா?”

“இன்னைக்கு வர மாட்டாரு. மத்தியானமே ஆபீசுக்குப் போய்க் கட்டிட்டேன். உன்னோடதையும் சேர்த்துத்தான்.”

தையல்காரி ஒற்றைப் புருவத்தோடு அவளைப் பார்த்தாள். “அப்போ எதுக்குக்கா வந்து உக்காந்தீங்க?”

தலைவி டம்ளர்களைப் பொறுக்கிக் கழுவிக் கவிழ்த்தாள். முந்தானையில் கையைத் துடைத்தாள். வாசலுக்குப் போய் ஒரு காலில் செருப்பை மாட்டினாள். இன்னொரு கால் உள்ளேயே இருந்தது.

தெருவைப் பார்த்தபடி, அதட்டலே இல்லாத குரலில் கேட்டாள்:

“அடுத்த வாரமும் லேட்டாத்தானே குடுப்பே?”