எழுபத்திரண்டு மணி நேரம்

கடலில் காணாமல் போன படகுகளைத் தேடும் மையத்தில் ரோஸ்லின் வேலை பார்த்தாள். அங்கே திரையில் ஓர் அட்டவணை, அதில் தேடப்படும் ஒவ்வொரு படகுக்கும் ஒரு மஞ்சள் கட்டம். படகு காணாமல் போய் எழுபத்திரண்டு மணி நேரம் தாண்டினால் கட்டம் சாம்பல் நிறமாக வேண்டும் என்று கணினியில் ஸ்கிரிப்ட் எழுதியவளே அவள்தான். சாம்பலாகிவிட்டால் ட்ரோன்கள் தாமாகவே அந்தப் படகைக் கைவிட்டுவிடும்.

திங்கள் காலை பத்து இருபதுக்கு அவளுடைய அண்ணன் கிளாட்வினின் படகு சாம்பலானது.

ஸ்கிரிப்டைத் திறந்து, எழுபத்திரண்டை நூறாக்கினாள். கட்டம் மறுபடியும் மஞ்சளானது. ஆனால் மையத்தில் இருந்தவையே ஆறு ட்ரோன்கள்தான். முந்தின நாள் காணாமல் போன இன்னொரு படகைத் தேடிக்கொண்டிருந்த மூன்று, அதை விட்டுவிட்டு அண்ணனைத் தேடிக் கிளம்பின. அந்தப் படகில் நான்கு பேர் இருந்தார்கள்.

ரோஸ்லின் முகத்தைப் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு நூறை அழித்து, பழையபடி எழுபத்திரண்டு என்றே போட்டாள். அண்ணனின் கட்டம் சாம்பலானது; மூன்று ட்ரோன்களும் அந்த நான்கு பேரைத் தேடித் திரும்பின.

மதியம் அந்த நான்கு பேரும் உயிரோடு கிடைத்தார்கள். அறையே கைதட்டியது. அவளும் தட்டினாள்.

வெளியே காத்திருந்த அண்ணன் மனைவி ஜெனோவா ஓடி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னும் தேடுதாங்கல்லா, ரோஸி?"

பொய் சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தாள்.

"இல்ல மதினி. நாந்தான் நிறுத்துனேன்."

ஜெனோவாவின் பிடி மெல்லத் தளர்ந்தது.