இடையில் ஒரு தகடு

"என்ர மாமிதான் ஏதோ செய்யிறா," என்று ஃபோனை நீட்டினாள் ரூபிகா.

கடைக்கார மெல்ரோய் சிரித்தான். ஃபோன் பழுதென்று வருகிறவர்கள் எல்லாம் யாராவது ஒருவர் மேல்தான் குற்றம் சொல்வார்கள்.

ரூபிகா வெள்ளவத்தை இந்துப் பெண். கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்க வீட்டுக்கு மருமகளாகி எட்டு மாதம். மாமியார் மாக்ரெட் இந்துக் கோயிலில் நடந்த கலியாணத்துக்கு வரவில்லை. இன்றைக்கும் அளந்துதான் பேசுவார்.

"ஒரே வயர்லெஸ் சாஜர். என்ர மனுசன் டெரிக்கின்ர ஃபோன் ஃபுல் ஆகுது. என்ரது பாதியும் ஏறுதில்லை. நான் குளிச்சிட்டு வரேக்க மாமி என்ர ஃபோனைத் தொட்டதைக் கண்டனான்."

அவள் ஆஸ்பத்திரியில் தாதி. ஃபோன் செத்துக் கிடந்ததால் போன கிழமை அவசர டியூட்டி அழைப்பு ஒன்று தவறிப் போனது. இன்னொன்று தவறினால் வேலைக்கே உலை. பேசாமல் அம்மா வீட்டுக்குப் போய்விடலாம் என்று முடிவே கட்டிவிட்டாள்.

மெல்ரோய் ஃபோனைத் தன் சாஜரில் வைத்து மீற்றரைப் பார்த்தான். ஏறியது, இறங்கியது, நின்றது. ஃபோனும் சுட்டது.

"அக்கா, தான் குடுத்தது எவ்வளவு, ஃபோனுக்குப் போய்ச் சேர்ந்தது எவ்வளவு எண்டு சாஜர் பாத்துக்கொண்டே இருக்கும். இடையில ஏதும் திண்டா, தானாக் குறைச்சிடும்."

"இடையில ஆர் திண்டது?" கோபத்தையும் மீறி அவளுக்கு அறிய ஆசை வந்தது.

கவரைக் கழற்றினான். உள்ளே பிளாஸ்டர் சுற்றிய சின்னத் தகடு.

"அந்தோனியார் மெடலா இருக்கும். எங்கட கத்தோலிக்க ஆக்கள் கவருக்குள்ள வைக்கிறவங்க. கிழமைக்கு நாலு ஃபோன் இப்பிடி வருது."

தகடில்லாமல் வைத்தான். மீற்றர் இறங்காமல் ஒரே அளவில் நின்றது. ரூபிகா தகட்டைப் பறித்தெடுத்தாள். என்னை மதம் மாற்றவா இந்தக் கள்ள வேலை?

விறுவிறென்று வீட்டுக்கு வந்து, மீன் வெட்டிக்கொண்டிருந்த மாமியாரின் முன்னால் தகட்டை வைத்தாள்.

"இது என்ன மாமி?"

மாக்ரெட் நிமிரவில்லை. "பிரிச்சுப் பாக்கேல்லையோ?"

பிளாஸ்டரை உரித்தாள். செம்புத் தகட்டில் ஒரு வேல்.

"விடியக்காலமை தனிய பஸ் ஏறுறாய், பிள்ளை. அந்தோனியாரை வைச்சா எடுத்துப் போட்டிடுவாய் எண்டுதான், ஜிந்துப்பிட்டி முருகன் கோயிலுக்குப் போய்க் கேட்டு வாங்கினனான்."