காற்றுத் தின்னப் போனவள்

"பூவம்மா கல்லைப் பிடுங்கி வேற ஆளுக்குக் கொடுக்கணும். அம்புட்டுதான் என் பேச்சு," என்று சொல்லி உட்கார்ந்தாள் முத்தாயி.

டோபி காட் வண்ணார் துறையின் புல்வெளியில், காய்ந்துகொண்டிருந்த துணிகளுக்கு நடுவே கூட்டம் கூடியிருந்தது. சிங்கப்பூரில் ரயில் ஓடத் தொடங்கி மூன்று வருஷம் ஆகியிருந்த சமயம் அது. கால்வாய் ஓரத்தில் ஆளுக்கொரு துவைகல். கல் போனால் பிழைப்பும் போயிற்று.

பூவம்மாவின் கல் மேல்முனையில் இருந்தது. முதல் தண்ணீர் அதற்குத்தான். முத்தாயியின் கல் கீழ்முனையில், எல்லோர் அழுக்கும் வந்து சேரும் இடத்தில் இருந்தது. அவளுடைய நியாய உணர்ச்சிக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

துறைத் தலைவர் அழகப்பன் கனைத்துக்கொண்டார்.

"வடிவேலு, உன் பொஞ்சாதி நாலு நாளாத் துறையில இல்ல. எங்க போனா?"

வடிவேலு தலையைச் சொறிந்தான். "நானும்தாங்க கூடப் போனேன்."

"அதான், எங்க?"

"ஜொகூர் மலைக்குள்ள... ஒரு ஆத்துக்குங்க."

கூட்டம் சிரித்தது.

"ஆத்துக்கா? நாம பொழுதன்னைக்கும் நிக்கிறது எதுலயாம்?"

"மக்கான் ஆங்கின் போயிருக்கா, துரைசானி!" என்றாள் முத்தாயி.

மலாய் மொழியில் அதற்கு நேர்ப்பொருள் காற்றைத் தின்பது. உல்லாசமாக ஊர் சுற்றுவதைத்தான் அப்படிச் சொல்வார்கள். டோபி காட்டில் யாரும் அந்தத் தீனியைத் தின்றதாகப் பேச்சில்லை. தின்றவர்களின் சட்டைகளைத் துவைத்ததுண்டு.

துறையின் சட்டம் எளியது. கல்லை விட்டுப் போக மூன்றே காரணங்கள்தான்: சாவு, பிரசவம், சாமி. வேறு காரணத்துக்காக மூன்று நாளுக்கு மேல் கல் காய்ந்தால் அது கைமாறும்.

"எல்லாத் துணியும் வெள்ளாவி வச்சு, தேய்ச்சு, வீடு சேத்துட்டுத்தாண்ணே போனேன்," என்றாள் பூவம்மா. "ஒரு கைக்குட்டைகூட மிச்சமில்ல."

"துணி கிடக்கட்டும். காரணத்தைச் சொல்லு."

"பாக்கணும்னு இருந்துச்சு."

"எதை?"

"தண்ணியை."

மறுபடியும் சிரிப்பு. பூவம்மா அது அடங்கும்வரை காத்திருந்தாள்.

"நில அளவை துரை ஒருத்தர் சட்டை எனக்கு வரும். மத்தவங்க பாக்கெட்டுல சுருட்டுத்தூள் இருக்கும், சேறு இருக்கும். அவரு பாக்கெட்டுல மட்டும் வெள்ளை மணல், அரிசிக் குருணை கணக்கா. ரெண்டு வருஷம் அதை உதறி உதறிக் கொட்டினேன். ஒருநாள் அவங்க பட்லரைக் கேட்டுட்டேன். துரை குளிக்கவும் மீன் பிடிக்கவும் போற இடமாம். மலைக்கு நடுவுல ஆறு, மொத்தமே ஏழு குடிசை."

"ரயிலு, அக்கரைக்குப் படகு, அப்புறம் ஒரு நாள் பூரா ஆத்துல சம்பான் தோணி, அதுக்கு மேல அரை நாள் நடை," என்றான் வடிவேலு. "அட்டைக்கடி வேற. போக வரவே மூணரை நாள் ஆச்சுங்க."

"அப்ப அங்க இருந்தது?"

"ஒரு மத்தியானம்."

"ஒரு மத்தியானத்துக்கா இம்புட்டுப் பாடு!" என்று முத்தாயி தலையில் அடித்துக்கொண்டாள்.

அழகப்பன் கொஞ்சம் யோசித்தார்.

"அங்க கோயில் ஏதாச்சும் இருந்துச்சா? ஒரு சூலம், ஒரு கல்லு, மஞ்சத்துணி கட்டின மரம்?"

அது கேள்வி இல்லை, திறந்துவைத்த கதவு என்பது எல்லோருக்கும் தெரிந்தது. வடிவேலு பாய்ந்து நுழைந்தான்.

"இருந்துச்சுங்க! பெரிய..."

"இல்லண்ணே," என்றாள் பூவம்மா.

"அடியே!"

"இல்லாத சாமியைச் சொல்லிக் கல்லைக் காப்பாத்திக்க மாட்டேன்."

"அப்ப அங்க என்னதான் செஞ்சே?"

"ஒண்ணும் செய்யல. கையில துணி இல்லாம தண்ணிக்குள்ள நின்னேன்." அவள் குரல் இறங்கியது. "இருபது வருஷமாத் தண்ணிக்குள்ளதான் நிக்கிறேன். தண்ணி எப்படி இருக்கும்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. இப்பக்கூட அந்தச் சத்தம் காதுல விழுது. மறுபடியும் போகணும்போல இருக்குண்ணே."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. முத்தாயி தன் விரல்களைப் பார்த்துக்கொண்டாள். ஊறி ஊறி வெளுத்த விரல்கள்.

அழகப்பன் அவசரமாக எழுந்தார்.

"சட்டம்னா சட்டம்தான். இன்னைக்கு ஒருத்தி போனா, நாளைக்குத் துறையே கிளம்பும்." தீர்ப்புச் சொல்லக் கையை உயர்த்தினார். "கடைசியா ஏதாச்சும் சொல்லணுமா?"

"என்னத்தைச் சொல்ல? எடுத்துக்கங்க. மலையில இருந்து ரெண்டு படியா விழுது பாருங்க அந்தத் தண்ணி, அதை நினைச்சுக்கிட்டே எங்கயாச்சும்..."

"மூணு," என்றார் அழகப்பன்.

"இல்லண்ணே, ரெண்டுதான். நான் எண்ணினேன்."

"நின்னு பாத்தா ரெண்டுதான் தெரியும். அந்தச் சரிஞ்ச பாறையில மல்லாந்து படுத்துப் பாக்கணும். மேல, மூங்கில் புதருக்குப் பின்னால..."

சட்டென்று நிறுத்தினார். தூக்கிய கை அப்படியே நின்றது. துறை முழுவதும் அவரையே பார்த்தது.

கல்லைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை.

அழகப்பன் கையை மெல்ல இறக்கி, பூவம்மாவுக்கு மட்டும் கேட்கும்படி கேட்டார்:

"பாறை இன்னும் அப்படித்தான் வழுக்குதா, தாயி?"