டாடி வைத்த சீட்

மாரெட்பள்ளி வீட்டின் ஒடுங்கிய கார் ஷெட்டில், கணவர் இறந்த நாளிலிருந்து ஓடாமல் கிடக்கிற பியட் காரில், புஷ்பராணி முதன்முறையாக ஸ்டியரிங் பிடித்து உட்கார்ந்திருக்கிறாள். மகனின் புதுக் கார் உள்ளே வர, இது பின்சுவர்வரை நகர வேண்டும். கண்ணாடி ஓட்டின் வழியே விழும் வெயிலில் டேஷ்போர்டுத் தூசி மினுங்குகிறது. மாதாப்பூர் ஆபீஸ் அடையாள அட்டை கழுத்தில் ஆட, மகன் ஜெபராஜ் பின்னாலிருந்து தம் பிடித்துத் தள்ளுகிறான். காற்றிறங்கிய டயர்கள் முனகி உருள்கின்றன. "பிரேக் மம்மி, பிரேக்!" கால் எட்டவில்லை, வண்டி கோணலாகப் போய்ப் பக்கச் சுவரில் இடிக்கிறது. அவன் மூச்சு வாங்க ஜன்னலில் குனிகிறான். "சீட்டை முன்னுக்கு இழுத்துக்கோங்க மம்மி, அடியிலயே லிவர் இருக்கு." "நக்கோ, வேண்டாம். டாடி வச்சபடியே இருக்கட்டும்." அவன் வண்டியைப் பின்னுக்கு இழுத்து நேராக்குகிறான். அவள் சீட் நுனிக்கு நகர்ந்து, புடவையைக் கணுக்காலுக்கு மேல் ஏற்றி, பெருவிரலைப் பிரேக்குக்கு நீட்டுகிறாள். "ம், தள்ளு."